பதினேழு கேள்விக்குறிகள்

எழுத்துச் சீர்மை இயக்ககத்தைப் பற்றி வெளியே பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். வாய் இருக்கிறவர்கள் பேசட்டும். பத்தொன்பது வருடமாக அதன் நான்காம் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றுதான்: எங்கள் அலுவலகத்தில் எழுத்துப் பிழை கிடையாது. ஆண்டறிக்கையில் போன வருடமும் பூஜ்யம், அதற்கு முந்தின வருடமும் பூஜ்யம். பிழை வருவதற்கு முதலில் எழுத்து இருக்க வேண்டுமே, அது இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கணினியில் மொத்தம் நூற்று இருபத்தெட்டு இருக்கைகள். ஓர் இருக்கைக்கு ஓர் எழுத்து. இயக்ககம் தொடங்கிய அன்று எங்கிருந்தோ வந்த எழுத்துகளும், எண்களும், காற்புள்ளி, கேள்விக்குறி வகையறாக்களும் முண்டியடித்து உட்கார்ந்துவிட்டன. நாம் பேசுகிற மொழியின் எழுத்துகள் சாவகாசமாக வந்து பார்த்தபோது இடம் காலியில்லை. இருக்கைகளைக் கூட்டலாமே என்று அப்போதே ஒருவர் கேட்டாராம். அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அன்று முதல், இடமில்லாத எழுத்து எது வந்தாலும் அதை வெளியே அனுப்பிவிட்டு, அது நின்ற இடத்தில் ஒரு கேள்விக்குறியை உட்கார வைக்கிறோம். இதற்குப் பெயர் சீராக்கம். பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, மருத்துவமனைச் செய்தி, எதுவானாலும் சீராக்கம் பெற்றால்தான் செல்லும்.

லிஃப்ட்காரர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். எங்கள் லிஃப்ட் ஓடாததால் ஐந்து மாடியும் படியேறி வந்து, மூச்சு வாங்கியபடி ஜன்னலுக்குள் ஒரு பழைய கைபேசியை நீட்டினார். நீலச் சட்டை, பையில் ஸ்க்ரூடிரைவர், விரலெல்லாம் கிரீஸ். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில் என்று கேட்காமலே தெரிந்தது.

"இதைப் படிச்சுச் சொல்ல முடியுமா சார்? ஆஸ்பத்திரியில கேட்டேன், எழுத்து விவகாரம் எல்லாம் இங்கேன்னு அனுப்பிட்டாங்க."

வாங்கிப் பார்த்தேன். திரை முழுக்கக் குப்பை. தலையில் கோடு போட்ட ஒரு எழுத்து, வட்டத்துக்குள் அடைபட்ட இன்னொரு எழுத்து, மறுபடி கோடு, மறுபடி வட்டம். நடுவில் ஒரு காற்புள்ளி, கடைசியில் ஒரு கேள்விக்குறி.

"யார் அனுப்பினது?"

"வீட்டுக்காரி. ஆஸ்பத்திரியில கட்டில் பக்கத்துல ஒரு பலகை இருக்கும்ல, தொட்டா எழுதற மாதிரி, அதுலேர்ந்து."

"அவங்ககிட்டயே கேட்டுடலாமே."

"அன்னிக்கே போயிட்டா சார்."

அன்று பகல் இரண்டு மணிக்குச் செய்தி வந்திருக்கிறது. அவர் அப்போது ஒரு கட்டடத்தில் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே, சிக்கிக்கொண்ட இரண்டு பேரை இறக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. மேலே வந்து பார்த்தபோது மணி நாலரை. எழுத்து புரியவில்லையே ஒழிய, கடைசியில் நிற்கும் கேள்விக்குறி புரிந்தது. ஓடியிருக்கிறார். அவள் போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது.

"ஏதோ கேட்டிருக்கா சார். என்ன கேட்டான்னு தெரிஞ்சா போதும்."

என் வேலை பரிதாபப்படுவது இல்லை. படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.

ஆறாவது கேள்வியில் அவர் நின்றுவிட்டார். 'செய்தியில் உள்ளது என்ன? தெளிவாக எழுதவும்.'

"இது தெரியாமத்தானே சார் வந்திருக்கேன்."

"உத்தேசமா எழுதுங்க. தப்பா இருந்தா திருப்பி அனுப்புவோம்."

"தப்பா சரியான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது வேற பிரிவு."

பிறகு 'என் மனைவி கேட்ட ஒரு கேள்வி' என்று எழுதினார். வேறு யாராவது எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுத்தது, அனுப்பியவர் நேரில் வந்து சம்மதிக்க வேண்டும் என்ற விதி. அனுப்பியவர் இறந்திருந்தால் இறப்புச் சான்று. மூன்றாம் நாள் கொண்டுவந்தார். அது ஏற்கெனவே எங்கள் சீராக்கம் பெற்ற சான்று என்பதால் பெயர் இருந்த இடத்தில் ஆறு கேள்விக்குறிகள். கண்காணிப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதையும் மருத்துவமனைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணினார்.

"இங்க ஆறு, அங்க ஆறு. பொருந்துது."

"சார், ஆறு கேள்விக்குறி யாருக்கு வேணா பொருந்துமே," என்றார் லிஃப்ட்காரர்.

"அதுதான் நம்ம முறையோட சிறப்பு. முன்னெல்லாம் ஒருத்தர் சான்று இன்னொருத்தருக்குப் பொருந்தவே பொருந்தாது. எவ்வளவு தகராறு தெரியுமா?"

"அவ பேர்ல நாலு எழுத்துதான் சார். ஆறு எப்படி வரும்?"

"கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி ஆளுங்க. தனித்தனியாத்தான் எண்ணுவோம். எங்க கணக்குல யாரையும் விட்டுட முடியாது."

அப்படிச் சொல்லிவிட்டு எல்லாரையும் விட்டுவிட்ட தாளில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு மூலத்தை ஒப்படைக்கும் சடங்கு. ஒரே செய்தி இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது என்பதால், எங்கள் வாசிப்புப் பெட்டிக்கு வந்ததும் கைபேசியில் இருப்பதை அழித்துவிடுவோம். லிஃப்ட்காரர் கைபேசியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நகல் வச்சுக்கறேனே சார்."

"நகல் வச்சிருந்தா அது கள்ள எழுத்து. விதியில இருக்கு."

"புரியாததுதான் சார். இருந்தாலும் அவ அனுப்பினது."

"புரியற மாதிரி ஆக்கித் தரத்தானே நாங்க இருக்கோம்," என்றேன். அதை நான்தான் சொன்னேன். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

எங்கள் பெட்டியைக் குறை சொல்லக் கூடாது. அது எந்த மொழிச் செய்தியையும் முதலில் சரியாகவே வாசித்துவிடும். வாசித்த எழுத்துகள் என் திரையில் மூன்று விநாடி நிற்கும். குடிமக்களின் அந்தரங்கத்தைக் காக்கும் பொருட்டு, அந்த மூன்று விநாடியும் ஊழியர் முகத்தைத் திருப்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பது பதினொன்றாம் விதி. அதன்பின் சீராக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். நான் கடிகாரத்தின் பக்கம் திரும்பினேன். மணி பதினொன்று இருபது. பொத்தானை அழுத்தினேன். அச்சுப்பொறி கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. முத்திரை குத்தி, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினேன்.

????, ???? ?????????

அவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"உங்க செய்தி. சீராக்கியாச்சு."

"முன்னாடி புரியாததா இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லாதீங்க. பதினேழு இருக்கு. எண்ணிப் பாருங்க."

அவர் நிஜமாகவே எண்ணினார். கிரீஸ் விரல் முதல் நான்கின் மேல் போய், காற்புள்ளியில் நின்றது.

"இது 'ஏங்க'," என்றார். "ஏ, ங, புள்ளி, க. நாலு. அப்புறம் காற்புள்ளி. இருபத்திரண்டு வருஷம் அவ என்னைக் கூப்பிட்டது அதுதான் சார். என் பேரைச் சொன்னதே இல்லை." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நீங்க பொத்தானை அழுத்தறதுக்கு முன்னாடி திரையில ஏதோ வந்துச்சே, பாத்தீங்களா?"

"விதிப்படி திரும்பிட்டேன்," என்றேன்.

அவர் இயக்குநரிடம் முறையிட்டார். முறையீட்டு நாள் வருவதற்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் தினம் வந்து ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்படி ஒருநாள் கண்காணிப்பாளர் முழங்கால் வலி தாங்காமல், "நீங்க லிஃப்ட்காரர்தானே? சும்மாதானே உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். லிஃப்ட்காரர் எழுந்து போய், மதியத்துக்குள் எங்கள் லிஃப்டை ஓட வைத்துவிட்டார். இரண்டு வருடமாக நாங்கள் அதற்காகக் கோப்பு நடத்திக்கொண்டிருந்தோம். அந்த நன்றிக்காக, மாதாமாதம் வந்து அதைப் பராமரிக்கும் வேலையை அவருக்கே கொடுத்தோம். செய்தியை மட்டும் கொடுக்கவில்லை, அது எங்களிடமும் இல்லை.

முறையீட்டு நாளன்று இயக்குநர் மிகவும் அன்பாக இருந்தார். அவரை உட்காரச் சொல்லி, தானும் உட்கார்ந்து, ஆண்டு விழாவில் பேசுவதைப் போலப் பேசினார்.

"எழுத்துன்னா என்னங்க? சண்டை. ஒருத்தன் ஒண்ணு எழுதுவான், இன்னொருத்தன் வேற மாதிரிப் படிப்பான். நாங்க அந்தச் சண்டைக்கே முடிவு கட்டிட்டோம். இன்னிக்கு அமைச்சர் பேரும் உங்க மனைவி பேரும் எங்க பதிவுல ஒரே வடிவம். எவ்வளவு பெரிய சமத்துவம்! என் பேரும் அப்படித்தான். என் அறை வாசல்ல பாத்திருப்பீங்க."

பார்த்திருந்தார். கதவுப் பலகையில் ஏழு கேள்விக்குறிகள் பித்தளையில் மின்னிக்கொண்டிருந்தன.

"ஐயா," என்றார் லிஃப்ட்காரர், "கடைசியில இருக்கிற கேள்விக்குறி மட்டும் அவ போட்டது. மத்த பதினாறும் நீங்க போட்டது. அந்த ஒண்ணையாவது தனியா அடையாளம் போட்டுக் குடுங்க. எழுத்து போனா போகுது. அவ கேட்டான்னாவது தாள்ல இருக்கட்டும்."

இயக்குநர் வருத்தத்தோடு தலையசைத்தார். "எது அவங்களோடது, எது நம்மோடதுன்னு பிரிச்சுப் பாக்கறது பாகுபாடு இல்லையா? கேள்விக்குறிக்குள்ள நாம ஏற்றத்தாழ்வு கொண்டுவரலாமா? நீங்களே சொல்லுங்க."

லிஃப்ட்காரர் தாளை எடுத்துக்கொண்டு எழுந்தார். இயக்குநர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கோப்பில் 'மனுதாரர் மனநிறைவோடு சென்றார்' என்று எழுதச் சொன்னார். எழுதியது நான். அச்சில் அதுவும் கேள்விக்குறிகளாகத்தான் வந்தது, ஆகவே பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த மாதம் லிஃப்டைப் பார்க்க வந்தவர், சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். கைபேசி பழுது பார்க்கும் கடை ஒன்றில் விசாரித்தாராம். கடை வைத்திருக்கும் பெண் தாளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாளாம்.

"'அந்தக் குப்பையை அப்படியே கொண்டு வந்திருக்கக் கூடாதா அண்ணா'ன்னு கேட்டுச்சு சார். அது குப்பையே இல்லையாம். எழுத்தெல்லாம் உள்ள பத்திரமாத்தான் இருந்துச்சாம். என் பழைய போன் தப்பான அட்டவணையை வச்சுப் படிச்சிருக்கு, அவ்வளவுதானாம். ரெண்டு நிமிஷ வேலைன்னுச்சு. கேள்விக்குறியா மாத்திட்டா மட்டும் பின்னாடி ஒண்ணும் இருக்காதாம்."

நான் முத்திரை மையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"வீட்டுல எப்படிப் போகுது?" என்று கேட்டு வைத்தேன்.

"போகுது சார். சமையலறை ஜன்னல்ல அவ ஒரு செடி வச்சிருந்தா. பேர் எல்லாம் தெரியாது, 'செடி'ன்னுதான் சொல்லுவா. மூணு வருஷமா பூக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக்கூட அதுக்குத் தண்ணி ஊத்துங்கன்னு சொல்லிட்டுப் போனா. இங்க வந்து வந்து உக்காந்ததுல நான் மறந்துட்டேன். காஞ்சு போச்சு. நேத்துதான் தூக்கிப் போட்டேன்."

இப்படி ஏழெட்டு மாதம் ஓடியது. ஒவ்வொரு முறை வரும்போதும் அவர் பையில் ஒரு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் இருக்கும். ஸ்க்ரூடிரைவரோடு அதையும் வெளியே எடுத்து வைப்பார். அவள் வாழ்நாளில் அவரிடம் கேட்ட கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, கட்டத்துக்கு ஒன்றாக எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொம்புக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம், புள்ளிக்கு ஒரு கட்டம். எங்கள் இயக்ககத்தின் எண்ணும் முறையை எங்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார். கண்காணிப்பாளர் அதைப் பார்த்து, "பாத்தியா, மக்களுக்கு நம்ம முறை பழகிடுச்சு" என்று பெருமைப்பட்டார்.

போன வாரம் வந்தவர் லிஃப்டுக்குப் போகாமல் நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"சார், 'ஏங்க'வுக்கு அப்புறம் நாலு, ஒரு இடைவெளி, எட்டு, கடைசியில கேள்விக்குறி. எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். மூணுதான் பொருந்துச்சு. அதுல ஒண்ணு 'என்ன பண்றீங்க'. ஆனா அவ 'பண்றீங்க'ன்னு சொல்ல மாட்டா, 'செய்றீங்க'ன்னுதான் சொல்லுவா. அதுக்கு ஒன்பது வரும். அடிச்சிட்டேன். மீதி ரெண்டு."

நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு வரியில் 'செடி பூத்துதா?' என்று இருந்தது. அதற்குக் கீழ் வரியில் 'எப்ப வருவீங்க?' என்று இருந்தது. இரண்டும் கட்டத்துக்குக் கட்டம் கச்சிதமாக நின்றன.

"நீங்க அன்னிக்குத் திரும்பிட்டேன்னு சொன்னீங்க. நம்பறேன் சார். ஆனா முத்திரை உங்ககிட்டதானே இருக்கு. ரெண்டுல ஒண்ணை எழுதி முத்திரை போட்டுக் குடுத்துடுங்க. எதுவா இருந்தாலும் எடுத்துக்கறேன். இனிமே என்னால எண்ண முடியல."

"எதுவா இருந்தாலுமா?"

"செடின்னா, அவ சாதாரணமா படுத்திருந்தான்னு அர்த்தம். வலி இல்லாம, வீட்டை நெனச்சுக்கிட்டு. இன்னொண்ணுன்னா..." நோட்டை மூடினார். "இன்னொண்ணுன்னா அந்த ரெண்டு மணி நேரமும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பா."

இப்போது நான் சொல்லிவிட வேண்டும். அன்று நான் கடிகாரத்தின் பக்கம் திரும்பினேன் என்றது உண்மைதான். ஒரு விநாடி தாமதமாகத் திரும்பினேன். பத்தொன்பது வருடத்தில் விதியை மீறியது அந்த ஒரு விநாடிதான். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டபோது பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வுப் பட்டியல் வரவிருந்தது, விழுங்கிவிட்டேன். பதவி உயர்வு வரவில்லை. திரையில் நான் பார்த்த வரியில் செடி இல்லை. 'எப்ப வருவீங்க' என்றுதான் இருந்தது.

ஒரு தாளை எடுத்தேன். அச்சுப்பொறிக்கு அனுப்பவில்லை, பேனாவால் என் கையெழுத்தில் எழுதினேன்: 'ஏங்க, செடி பூத்துதா?' கீழே முத்திரை குத்தினேன்.

அவர் வாங்கிப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"நிஜமாவா சார்?"

"நான் பாத்தேன். அன்னிக்குப் பயந்துக்கிட்டுச் சொல்லல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, வேலை போயிடும்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது கிரீஸ் கன்னத்தில் கோடாக இழுத்துக்கொண்டது. பிறகு தாளை முகத்துக்கு அருகே கொண்டுபோய், ஜன்னலில் நான் ஒருவன் இருப்பதையே மறந்து, மெதுவாகச் சொன்னார்:

"பூத்துச்சும்மா. நேத்து காலையிலதான். நல்லா பூத்துச்சு."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு லிஃப்டைப் பார்க்கப் போனார். காய்ந்த செடியைத் தூக்கிப் போட்டதை அவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார். நான் ஞாபகப்படுத்தப் போகவில்லை.

இந்த வருட ஆண்டறிக்கை நேற்று என் மேசைக்கு வந்தது. எழுத்துப் பிழை பூஜ்யம் என்று போட்டிருக்கிறார்கள். அது தவறு. அன்று நான் எழுதிக் கொடுத்த வரியில் எங்கள் கணக்குப்படி பன்னிரண்டு பிழைகள். 'ஏங்க'வும் கடைசியில் நிற்கிற கேள்விக்குறியும் மட்டும் சரி.